கடலோர உப்புச் செடியில மருந்து தேடறவங்களுக்கு: பறிக்கறதுல இருந்து டெஸ்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

உமரிச் செடிச் சாறு (உமரின்னு இங்க நானு சொல்றது சுவேடா, கடலோரத்துல வளர்ற சதைப்பிடிப்பான கீரைச் செடி) ரெண்டு மில்லி டெஸ்ட் டியூப்ல எடுத்து, நீர்த்த நைட்ரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டு, மேல சில்வர் நைட்ரேட் ரெண்டே சொட்டு விட்டுப் பாருங்க, தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா திரண்டு கீழ எறங்கும். அது குளோரைடுங்க, நம்ம சமையக்கட்டுல இருக்கற அதே உப்பு. இந்த ஒரு டெஸ்ட்ட முதல் நாளே பண்ணாம ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணவங்களை நானு நெம்ப பேரைப் பாத்திருக்கேன், நானும் ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணினேன், அதனாலதான் இதை உக்காந்து முழுசா எழுதறேன்.

எங்கூரு சென்னிமலைக்குப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு ராத்திரி பஸ் தூரம். ஆனா உப்பு எங்களுக்குப் புதுசில்லீங்க. நொய்யல் வெள்ளியங்கிரியில பொறந்து கரூர் பக்கம் காவேரில சேர்ற ஆறு, நடுவுல திருப்பூர்ல பனியன் துணிக்கு சாயம் ஏத்தறப்ப சாயம் நூல்ல புடிக்கறதுக்காக போடற உப்பெல்லாம் வருசக்கணக்கா அந்தத் தண்ணியில எறங்குச்சு, 1992ல கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் டேம்ல அது தேங்குச்சு, 2011ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போடற அளவுக்குப் போச்சு. எங்க அப்புச்சி தோட்டத்துல கெணத்துத் தண்ணி பாஞ்ச வரப்புல வெய்யக்காலத்துல வெள்ளை வெள்ளையா பூத்துக் கெடக்கும். அதுல மஞ்சள் வராது, வாழை வராது, ஆனா சில செடி மட்டும் வந்துச்சு. அது எப்படி வருதுன்னு கேட்டுப் போனதுதான் என்னைய கடலோரம் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு. இப்ப ஒரு காலேஜ் லேப் பாத்துக்கறேன், வருசா வருசம் ப்ராஜக்ட் பசங்க உமரி, அடம்பு, அலையாத்தின்னு எடுத்துட்டு வர்றாங்க, ஈரோட்டுல கோயமுத்தூர்ல உக்காந்து இந்தச் செடிகள்ல வேலை செய்யோணும்னு நெனைக்கறவங்களுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கோணுமோ அதை வரிசையா சொல்றேன்.

முதல்ல: செடி உப்பை என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கோங்க

இதை விட்டுட்டு நேரா சாக்ஸ்லெட்டுக்கு (கரைப்பானைக் கொதிக்க வெச்சு, பொடி மேல திரும்பத் திரும்ப ஓட விட்டு சாரம் எடுக்கற கண்ணாடிக் கருவி) போகாதீங்க, ஏன்னா மருந்துச் சரக்கு பூராவும் இதுலதான் இருக்குது.

மண்ணோட உப்பை நாம ஈசின்னு (மின்சாரம் எவ்வளவு சுளுவா ஓடுதுங்கற எண்ணு, உப்பு ஏற ஏற அதுவும் ஏறும்) அளக்கறோம், மீட்டருக்கு 4 டெசி சீமன்ஸுக்கு மேல போனாலே அது உப்பு மண்ணு. கடல் தண்ணி கிட்டத்தட்ட 50. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. போர் தண்ணிக்கு டிடிஎஸ் பாக்கற மீட்டர் நம்மூர்ல வீட்டுக்கு வீடு இருக்குதே, அதுல ஈசியை 640ஆல பெருக்கின மாதிரி ஒரு கணக்கு வரும், தோராயந்தான். விஞ்ஞானிங்க எதை உண்மையான உப்புச் செடின்னு சொல்றாங்கன்னா, 200 மில்லிமோலார் சோடியம் குளோரைடுல, அதாவது லிட்டருக்கு சுமாரா 11.7 கிராம் உப்புல, மொளைச்சு பூத்து விதை வெக்கற செடி. நம்ம தென்னையும் பருத்தியும் உப்பை ஓரளவு தாங்கும், ஆனா அந்தக் கூட்டத்துல சேராது.

தாங்கறதுக்கு மூணு வழி இருக்குது. ஒண்ணு, வேர்லயே உப்பை உள்ள விடாம நிறுத்தறது, அலையாத்திக் காட்டுல நிக்கற சுரபுன்னை மரம் அப்படி. ரெண்டு, உள்ள வந்த உப்பை எலை வழியா வெளிய துப்பறது, அலையாத்தி எலையும் கழுதைமுள்ளி எலையும் அப்படி, காலைல போயி அலையாத்தி எலையை நக்கிப் பாத்தா கரிக்கும், சில நேரம் உப்புப் படிகமே கண்ணுக்குத் தெரியும். மூணாவதுதான் உமரி, சாலிகார்னியா, செசுவியம் மாதிரி சதைப்பிடிப்பான செடிங்க, இதுங்க உப்பை வாங்கி செல்லுக்கு நடுவுல இருக்கற வாக்குவோல்ங்கற பைக்குள்ள பூட்டி வெச்சுக்கும், தண்ணியும் சேத்து வெச்சுக்கும், அதான் எலை தொட்டா கொழகொழன்னு இருக்குது.

இங்கதான் விசயம். பைக்குள்ள அவ்வளவு உப்பு இருந்தா பைக்கு வெளிய இருக்கற பகுதியில இருந்து தண்ணி பூராவும் பைக்குள்ள இழுத்துட்டுப் போயிரும். என்சைமெல்லாம் வெளிய இருக்குது, அங்க உப்பும் ஆகாது, தண்ணியும் கொறையக்கூடாது. அதனால செடி அந்தப் பகுதிய வேற ஒண்ணால நெரப்புது, உமரி குடும்பத்துலயும் அலையாத்தியிலயும் அது கிளைசின் பீட்டைன், செசுவியம் மாதிரி செடிகள்ல புரோலின்ங்கற அமினோ ஆசிட் எச்சா சேரும். இந்த பீட்டைன் பேரே பீட்ரூட் குடும்பத்துல இருந்து வந்ததுங்க, உமரியும் பீட்ரூட்டுக்கு ஒறம்பரைதான். ஹோமோசிஸ்டினூரியான்னு பொறவியிலயே வர்ற ஒரு அரிய நோய்க்கு இதே பீட்டைனை 1996ல அமெரிக்காவுல மருந்தா அனுமதிச்சாங்க. உப்புச் செடியில மருந்து இருக்குதான்னு யாராச்சும் கேட்டா நானு சொல்ற முதல் உதாரணம் இதுதான், ஆனா அந்த மருந்தோட டோஸ் ஒரு நாளைக்கு கிராம் கணக்குல, நாலு பிடி கீரை தின்னு அதை ஈடு கட்ட முடியாது.

அடுத்தது, உப்பும் வெயிலும் சேந்து அடிக்கறப்ப செல்லுக்குள்ள ஆக்சிஜன் கெட்ட ரூபத்துல, பெராக்சைடு மாதிரி, கெளம்பும். அதை அடக்கறதுக்கு செடி பாலிஃபீனால், ஃபிளேவனாய்டு, கரோட்டினாய்டு, வைட்டமின் சி, ஈ எல்லாம் எச்சா பண்ணி வெக்குது. உப்புச் செடிய எல்லாரும் தேடறதுக்குக் காரணமே இதுதான். வெய்யக்காலத்துல உமரிக்காடு செவசெவன்னு மாறும் பாருங்க, அது பீட்டாசயனின், பீட்ரூட்டோட அதே சாயம், ஆந்தோசயனின் கெடையாது. பசங்க தீசிஸ்ல எலை செவப்பு ஆந்தோசயனின்னு எழுதிட்டு வர்றாங்க. சந்தேகம் இருந்தா சாத்துல கொஞ்சூண்டு காஸ்டிக் சோடா விடுங்க, பீட்டாசயனின் மஞ்சளாயிரும், ஆந்தோசயனின்னா நீலம் பச்சைன்னு போகும்.

ரெண்டாவது: எந்தச் செடி, எதுக்கு

எல்லாத்தையும் பண்ணாதீங்க, ஒண்ணு எடுத்து ஆழமா பண்ணுங்க. நானு பாத்ததுல எது எதுல என்ன இருக்குதுன்னு சொல்லிர்றேன்.

அடம்பு, ஆட்டுக்காலடம்புன்னு சொல்றது, கடக்கரை மணல்ல ஊதாப் பூவோட படர்ந்து கெடக்கும், எலை ஆட்டுக் குளம்பு மாதிரி ரெண்டாப் பிளந்திருக்கும். தாய்லாந்துல சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டா இதை அரைச்சுப் போடற பழக்கம் இருந்துச்சு, 1990ஐ ஒட்டி அங்கத்த ஆராய்ச்சிக்காரங்க அதை லேப்ல எடுத்துப் பாத்து, எலையோட சாரம் சொறிமீன் விஷத்தோட வேலையை மட்டுப்படுத்துதுன்னு காமிச்சாங்க, அதுல யூஜெனால் (கிராம்புல இருக்கறது), பைட்டால், பீட்டா டமாசினோன்னு பிரிச்சும் எடுத்தாங்க. ஊர்ப் பழக்கம் ஒண்ணை எடுத்து, எந்தக் கூறு வேலை செய்யுதுன்னு கடைசி வரைக்கும் போனாங்க பாருங்க, என்னோட கணக்குல நம்ம பசங்க அதைத்தான் பாத்துக் கத்துக்கோணும்.

உகா மரம், மிஸ்வாக் குச்சி அதுலதான் வருது, வறண்ட உப்புத் தரையில நல்லா வரும். வேர்ல பென்சைல் ஐசோதயோசயனேட் இருக்குது, கடுகுல மூக்கு ஏறுதே அந்தக் கூட்டத்துப் பொருள், வாயில இருக்கற சில பாக்டீரியாவைக் கொல்லுதுன்னு 2011ல காமிச்சாங்க.

புன்னை. கடலோரக் கோயில்ல எல்லாம் நிக்கும். கொட்டை எண்ணெய் புண்ணுக்குப் போடறது பழைய வழக்கம். 1993ல இதுல இருந்து இனோஃபில்லம்னு சில கூமரின்களை (செடிங்கள்ல வர்ற ஒரு வகைப் பொருளு) பிரிச்சு, எச்ஐவி வைரஸ் பெருகறதுக்கு வேணும்கற ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்ங்கற என்சைமைத் தடுக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முந்தின வருசம் மலேசியாவுல சரவாக் காட்டுப் புன்னையினத்துல இருந்து அதே என்சைமைத் தடுக்கற கலனோலைடு ஏ கெடைச்சுது.

கழுதைமுள்ளில வெர்பாஸ்கோசைடு, பென்சாக்ஸசோலினோன். அலையாத்தில இரிடாய்டு கிளைகோசைடு (கிளைகோசைடுன்னா சர்க்கரை ஒட்டின கூறு), லூப்பியால், பெட்டுலினிக் ஆசிட். சாலிகார்னியா விதை வேற கதை, அது எண்ணெய்க்கு, மெக்சிகோ பக்கத்து இனத்துல 1991ல அளந்தப்ப விதையில 26ல இருந்து 33 சதவீதம் எண்ணெய், அதுல முக்கால்வாசி லினோலிக் ஆசிட், நம்ம குசும்பா எண்ணெய் மாதிரி. குஜராத் பாவ்நகர்ல மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் நம்ம நாட்டு சாலிகார்னியாவுல இருந்தே சமையலுக்கு உப்பு எடுக்கறதுக்கு வழி பண்ணி வெச்சிருக்காங்க.

தில்லையைப் பத்தி தனியா சொல்லோணும். சிதம்பரத்துக்கு பேரு கொடுத்த மரம், பிச்சாவரத்துல நெறைய இருக்குது, ஒடிச்சா பால் வடியும், அந்தப் பால் கண்ணுல பட்டா பார்வை போற அளவுக்கு எரிச்சல், தோல்ல பட்டா கொப்புளம். அதுல இருக்கறது ஃபார்பால் எஸ்டர் மாதிரி டைட்டர்பீனுங்க, இதுல ஒண்ணு எச்ஐவிக்கு எதிரா வேலை செய்யுதுன்னு 1995ல வந்துச்சு, ஆனா அதே கூட்டத்துல பல பொருளு கட்டி வளர்றதைத் தூண்டும். கண்ணாடியும் கையுறையும் போடாம, வழிகாட்டறவங்க பக்கத்துல இல்லாம தில்லையைத் தொடாதீங்க. முதல் ப்ராஜக்டுக்கு வேண்டவே வேண்டாமுங்க.

கடலுக்கே போக முடியாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம இட்டேரில, பொடக்காணில, பஸ் ஸ்டாப்புல நிக்கற பூவரசு இருக்குதே, அது அசல்ல கடலோர மரந்தான், அலையாத்திக் காட்டோட ஓரத்துல அது தானா வளரும். அதோட பூவுலயும் பட்டையிலயும் காசிப்பால் இருக்குது. மாட்டுக்கு ஆட்டி வெக்கறமே பருத்திக்கொட்டை, அதுல இருக்கற அதே காசிப்பால், ஆனா பருத்தியில வலக்கை இடக்கை மாதிரி ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமா இருக்கற ரெண்டு அமைப்பும் கலந்து கெடக்கும், பூவரசுல ஒரு கை அமைப்பு மட்டும் சுத்தமா கெடைக்கும், வேதியியல் படிச்சவங்களுக்கு இது எவ்வளவு அருமைன்னு தெரியும். சைனாவுல 1970கள்ல ஆம்பளைங்களுக்கு கருத்தடை மாத்திரையா இதை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பாத்தாங்க, ஒடம்புல பொட்டாசியம் எறங்கறதும் சில பேருக்கு திரும்பவும் விந்தணு வராம போறதும் தெரிஞ்சு நிறுத்திட்டாங்க. மருந்தும் நஞ்சும் ஒட்டுக்கா ஒரே எலையில இருக்கும்கறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

மூணாவது: பறிக்கறது

அனுமதி முதல்ல. பிச்சாவரம், முத்துப்பேட்டை காப்புக்காடு, கோடியக்கரை சரணாலயம், வனத்துறைல எழுதிக் கேக்காம ஒரு எலை கூட ஒடிக்காதீங்க, காலேஜ் லெட்டர்பேடுல கேட்டா காலம் ஆகும், மூணு மாசம் முன்னாடியே போடுங்க. உமரி, செசுவியம், அடம்புக்கு அவ்வளவு செரமம் இல்ல, வேதாரண்யம் பக்கம் உப்பளத்து ஓரத்துல நெறைய கெடக்கும், உப்பளத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வேதாரண்யத்துல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உப்புச் செடிகளுக்குன்னே ஒரு மரபணுத் தோட்டம் வெச்சிருக்காங்க, பறிக்கப் போறதுக்கு முன்னாடி அங்க போயி செடியைக் கண்ணால பாத்துட்டு வாங்க, பாதி கொழப்பம் தீந்துரும்.

கொழப்பம்னு சொன்னேன்ல, உமரிங்கற பேரே பெரிய கொழப்பம். ஒரு ஊர்ல சுவேடாவை உமரிம்பாங்க, இன்னொரு ஊர்ல சாலிகார்னியாவை உமரிம்பாங்க. சுவேடாவுக்கு குட்டிக் குட்டியா எலை தெரியும், சாலிகார்னியாவுக்கு எலையே தெரியாது, கணு கணுவா பச்சைக் குச்சி மாதிரி இருக்கும். பூவோட ஒரு கெளை எடுத்து பேப்பர் நடுவுல வெச்சு அழுத்தி ஹெர்பேரியம் ஷீட் பண்ணிருங்க. இதுல நம்ம பக்கத்துக்காரங்களுக்கு ஒரு நல்ல வசதி, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துலயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட தென்மண்டல மையம் இருக்குது, மெட்ராஸ் ஹெர்பேரியம்னு பேரு இருந்தாலும் அது இருக்கறது நம்ம கோயமுத்தூர்ல. அங்க கொண்டு போயி பேரை உறுதி பண்ணி சர்டிபிகேட் வாங்கிருங்க, அது இல்லாம நல்ல பத்திரிகைல உங்க பேப்பரை எடுக்கறது செரமம்.

தேதி, நேரம், மண்ணோட ஈசி மூணும் நோட்டுல எழுதோணும். ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு மழை உப்பைக் கழுவிட்டுப் போயிரும், சித்திரை வைகாசில உப்பு உச்சத்துல இருக்கும், ஒரே செடில சரக்கு மாறும். மழைக்கு முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணுன்னு ரெண்டு தடவை பறிச்சா அதுவே ஒரு நல்ல ப்ராஜக்ட்.

நாலாவது: ஊருக்குக் கொண்டு வர்றது, காய வெக்கறது

பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க. நானு முதல் தடவை பத்து கிலோ உமரியை கவர்ல கட்டி, வேதாரண்யத்துல இருந்து தஞ்சாவூர் திருச்சி வழியா ஈரோடு வந்து சேர்றப்ப, அடியில இருந்தது அழுகி தண்ணி விட்டு நாத்தம் அடிச்சுது, அத்தனையும் போச்சு. துணிப்பையில, இல்லைனா சாக்குல, தளர்வா போட்டு எடுத்துட்டு வாங்க.

இந்தச் செடில பத்துல ஒம்பது பங்கு தண்ணி, ஒரு கிலோ காஞ்சா நூறு கிராம் தேறுனா பெருசு. முதல்ல மேல ஒட்டியிருக்கற மண்ணும் உப்பும் போக ஒரே ஒரு தடவை வேகமா அலசுங்க, ஊற வெச்சீங்கன்னா உள்ள இருக்கற பீட்டைனும் ஃபீனாலும் தண்ணியோட போயிரும். அப்பறம் நெழல்ல பரப்பி, முடிவுல 40 டிகிரி அவன்ல. அரைச்ச பொடியை அன்னைக்கே காத்துப் போகாத பாட்டில்ல அடைக்கோணும், மெக்னீசியம் உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், மழை நாள்ல திறந்து வெச்சா காலைல வெல்லம் மாதிரி கட்டியாயிருக்கும்.

அஞ்சாவது: உப்பை அளக்கறது. இதைத் தாண்டிப் போகாதீங்க

பொடியில ரெண்டு கிராம் எடுத்து மஃபிள் ஃபர்னஸ்ல (லேப் மின்சாரச் சூளை) 550 டிகிரில சாம்பலாக்குங்க. சோடியம் குளோரைடு உருகறதே 801 டிகிரிலதான், அதனால அது எங்கயும் போகாது. சாதாரண எலைன்னா சாம்பல் பத்து சதவீதத்தை ஒட்டி வரும், உமரி சாலிகார்னியாவுல மூணுல ஒரு பங்குக்கு மேலயே வரும். அந்தக் காலத்துல ஸ்பெயின் கடலோரத்துல இந்தக் குடும்பத்துச் செடிங்களை எரிச்சு அந்தச் சாம்பல்ல இருந்துதான் கண்ணாடிக்கும் சோப்புக்கும் சோடா எடுத்தாங்க.

சாம்பலை தண்ணில கரைச்சு வடிகட்டி, பிஎச்சை நடுநிலைக்குக் கொண்டு வந்து (இதுக்கும் நைட்ரிக்தான், ஹைட்ரோகுளோரிக் விட்டீங்கன்னா நீங்களே குளோரைடு சேத்த கணக்காயிரும்), பொட்டாசியம் குரோமேட் ரெண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் சில்வர் நைட்ரேட்டால டைட்ரேட் பண்ணுங்க (எவ்வளவு செலவாகுதுன்னு அளந்துட்டே சொட்டு சொட்டா விடறது), செங்கல் நெறம் வந்து நிக்கறப்ப நிறுத்தோணும். சில்வர் நைட்ரேட் ஒரு மில்லிக்கு 5.84 மில்லிகிராம் உப்பு. சாத்துல நேரா பண்ணா சாத்தோட நெறத்துல முடிவு தெரியாது, அதனாலதான் சாம்பல்ல பண்ணச் சொல்றேன். குரோமேட் நஞ்சு, சிங்க்குல ஊத்தாதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். பத்து கிராம் பொடியில மூணு கிராம் உப்புன்னு வெச்சுக்கோங்க. மெத்தனால்ல உப்பு கரையாதுன்னு நெனைச்சுட்டு இருக்காங்க, கொஞ்சம் கரையும், நூறு கிராம் மெத்தனாலுக்கு ஒண்ணரை கிராமுக்குக் கிட்ட. சாக்ஸ்லெட்ல புது மெத்தனால் திரும்பத் திரும்ப ஓடறப்ப அத்தனை உப்பும் ஒட்டுக்கா எறங்கிரும். கடைசில அஞ்சு கிராம் சாரம் கெடைச்சா அதுல மூணு கிராம் உப்பு, ஆனா பையன் ஐம்பது சதவீதம் யீல்டுன்னு சந்தோசமா எழுதுவான். அந்தச் சாரத்தை மில்லிக்கு பத்து மில்லிகிராம்னு கரைச்சு செல்லு மேல விட்டா, அதுல உப்பு மட்டும் ஆறு மில்லிகிராம், 0.6 சதவீதம். செல்லு வளர்ற தண்ணில ஏற்கனவே ஒடம்புல இருக்கற அளவு உப்பு, 0.9 சதவீதத்துக்குச் சமமா, இருக்குது. ரெண்டும் சேந்து ஒண்ணரை சதவீதம். அதுல எந்தச் செல்லும் சுருங்கிச் சாகும், கேன்சர் செல்லு செத்துச்சுன்னு எழுதிருவாங்க. வெறும் கல்லுப்பு போட்டிருந்தாலும் அதே ரிசல்ட்டுதானுங்க வந்திருக்கும். இப்படி எழுதினதை நம்பி ஒரு நோயாளி கீரைச் சாறு குடிச்சு வைத்தியத்தை விட்டா யாரு பதில் சொல்றது, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஆறாவது: சாரம் எடுத்து உப்பைக் கழிக்கறது

வரிசை இதுதான்: ஹெக்சேன், அப்பறம் எத்தில் அசிடேட், அப்பறம் மெத்தனால். ஹெக்சேன்ல கொழுப்பும் மெழுகும் ஸ்டீராலும், எத்தில் அசிடேட்ல ஃபிளேவனாய்டு அக்லைக்கோனும் (சர்க்கரை ஒட்டாத கூறு) கூமரினும், மெத்தனால்ல கிளைகோசைடு, சப்போனின் (சோப்பு மாதிரி நொரைக்கற கூறு), பீட்டைன், கூடவே உப்பு. முதல் ரெண்டுல உப்பு வராது, அதனால அதுல ஏதாச்சும் வேலை செஞ்சா அதை எச்சா நம்பலாம். ரோட்டரி எவாப்ரேட்டர்ல (கரைப்பானைக் கொறஞ்ச சூட்டுல ஆவியாக்கற கருவி) 40 டிகிரிக்கு மேல போகாதீங்க, பீட்டாசயனின் சூடு தாங்காது.

மெத்தனால் சாரத்துல உப்பை எடுக்க மூணு வழி. சல்லிசானது, நல்லா காஞ்ச சாரத்தை ஐஸ்ல குளிர்ந்த அப்சொல்யூட் எத்தனால்ல கரைச்சு வடிகட்டறது, எத்தனால்ல உப்பு நூறு கிராமுக்கு ஒரு கிராமுல பத்துல ஒரு பங்கு கூட கரையாது, வடிதாள்ல வெள்ளையா நின்னுரும். ரெண்டாவது, சாரத்தை தண்ணில கரைச்சு பியூட்டனாலோட பிரிபுனல்ல குலுக்கறது, சப்போனினும் கிளைகோசைடும் மேல ஏறும், உப்பு கீழ தங்கும், ஆனா பியூட்டனாலை ஆவியாக்க பொழுதுக்கும் ஆகும். மூணாவது எனக்குப் பிடிச்சது, எச்பி-20ன்னு ஒரு ரெசின், செடிக் கூறுகளைப் புடிச்சு வெச்சுட்டு உப்பை விட்டுரும். கண்ணாடிக் குழாய்ல நெரப்பி, சாரத்தைத் தண்ணில கரைச்சு ஊத்தி, வெறும் தண்ணியா விட்டுட்டே இருங்க, கீழ வர்ற சொட்டுல சில்வர் நைட்ரேட் விட்டுப் பாத்துட்டே இருங்க, வெள்ளை வராம நின்னுச்சுன்னா உப்பு தீந்துச்சு. அப்பறம் மெத்தனால் விட்டா ரெசின்ல புடிச்சிருந்த ஃபீனாலெல்லாம் நெறமா எறங்கும், பாக்கவே அழகா இருக்கும். பீட்டைனும் புரோலினும் உப்போடயே தண்ணில போயிரும்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பீட்டைன்தான் வேணும்னா அந்தத் தண்ணிய கீழ ஊத்திராதீங்க.

ஏழாவது: டெஸ்டுங்க

டேனினுக்கு ஃபெரிக் குளோரைடு, சப்போனினுக்கு நொரை, இதெல்லாம் எந்த லேப் மேனுவல்லயும் இருக்குது, அப்படியே பண்ணுங்க. உப்புச் செடில தடுமாற வெக்கற எடம் மட்டும் சொல்றேன்.

டிராகன்டார்ஃப் ரியேஜன்ட் விட்டா ஆரஞ்சு வரும், உடனே ஆல்கலாய்டு (கொய்னா மாத்திரைல இருக்கறது மாதிரி செடிப் பொருளு) இருக்குதுன்னு டிக் போட்டுருவாங்க. பீட்டைனும் கோலினும் அதே ஆரஞ்சு கொடுக்கும். உமரில அநேகமா நீங்க பாக்கறது பீட்டைனைத்தான். உறுதி பண்ண, சாரத்தை நீர்த்த ஆசிட்ல கரைச்சு குளோரோஃபார்ம்ல கழுவி, அம்மோனியா விட்டு பிஎச் 9க்கு மேல ஏத்தி, புது குளோரோஃபார்ம்ல குலுக்குங்க, இப்ப அந்தக் குளோரோஃபார்ம்ல ஆரஞ்சு வந்தா ஆல்கலாய்டுன்னு எழுதலாம், பீட்டைன் தண்ணிலயே நின்னுரும்.

மொத்த ஃபீனாலுக்கு ஃபோலின் சியோகால்டியூ, காலிக் ஆசிட் ஸ்டாண்டர்டு, வர்ற நீலத்தை 765 நானோமீட்டர் ஒளியில அளக்கோணும். இது வைட்டமின் சிக்கும் நீலம் கொடுக்கும், அதனால வர்ற எண்ணு பூராவும் ஃபீனால்னு நெனைக்காதீங்க. ஃபிளேவனாய்டுக்கு அலுமினியம் குளோரைடு, 415ல பாப்போம், செவந்த உமரின்னா அதோட மஞ்சள் சாயம் பீட்டாசேந்தினும் அந்தப் பக்கம் ஒளியை உறிஞ்சும், அதனால ஒவ்வொரு சாம்பிளுக்கும் அலுமினியம் குளோரைடு போடாத ப்ளாங்க் ஒண்ணு தனியா வெச்சு கழிச்சுருங்க. டிபிபிஎச்ல (கெட்ட ஆக்சிஜனை அடக்கற தெறனைப் பாக்கற ஊதாச் சாயம்) 517, அரை மணி இருட்டுல, வைட்டமின் சி பக்கத்துல வெச்சு ஒப்பிடோணும். டிபிபிஎச் நல்லா வந்தா ஒடம்புல வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல, நம்ம டீத்தூளுக்கும் நல்லாத்தான் வரும்.

பாக்டீரியா தட்டுல கட்டாயம் ஒரு குழி உப்புக்குன்னு ஒதுக்குங்க, சாரத்துல அளந்த அதே அளவு உப்புத் தண்ணி. அதுக்கும் சுத்தி கிருமி வளராத வளையம் வந்துச்சுன்னா நீங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏழரை சதவீத உப்புலயே வளர்ற கிருமி, அதை உங்க சாரம் கொன்னா அது பெரும்பாலும் உப்பு கொன்னது இல்ல, அப்ப நிமிந்து உக்காருங்க.

ஜிசிஎம்எஸ்ஸுக்கு (சாரத்தை ஆவியாக்கிப் பிரிச்சு, எடையை வெச்சு ஒவ்வொரு கூறையும் அடையாளம் காட்டற கருவி) வெளிய அனுப்பறவங்க உப்பு எடுக்காத சாரத்தை அனுப்பாதீங்க, கருவியோட வாய்ல உப்பு படியும். ரிப்போர்ட்ல தாலேட்டுன்னு ஏதாச்சும் வந்தா அது பெரும்பாலும் நீங்க சாரம் வெச்சிருந்த பிளாஸ்டிக் டப்பாவுல இருந்து வந்தது, அதை மருந்துக் கூறுன்னு அட்டவணைல சேக்காதீங்க. எல்சிஎம்எஸ்ல (அதே மாதிரி, ஆனா ஆவியாக்காம கரைசல்லயே பிரிக்கறது) ஒரே பொருள் சோடியத்தோட சேந்து எடை 22 கூடுதலா இன்னொரு பீக்கா நிக்கும், அதை ரெண்டு பொருளுன்னு எண்ணிராதீங்க.

எட்டாவது: திங்கறதுன்னு வந்தா

கடலோரத்துல உமரிக்கீரையை உப்பே போடாம பருப்போட சமைப்பாங்க, நல்லாவே இருக்கும், சுத்தமான எடத்துக் கீரைன்னா பயமில்ல. பிரஷர் இருக்கறவங்க, கிட்னி சரியில்லாதவங்க வேண்டாம், சோடியமும் ஆக்சலேட்டும் எச்சு. கொதிக்க வெச்சு தண்ணிய வடிச்சுட்டா ரெண்டும் கொறையும், போகாது. வைத்தியத்துக்குன்னா படிச்ச சித்த மருத்துவர்கிட்டப் போங்க, என்னோட லேப் நோட்டு பாத்து யாரும் கசாயம் வெக்க வேண்டாம்.

நம்ம நொய்யல் கரைல, பட்டறைத் தண்ணி பாஞ்ச நெலத்துல வளர்ற எதையும் வாயில வெக்காதீங்க, ஆட்டுக்கும் போடாதீங்க. இந்தச் செடிங்க உப்பை உறிஞ்சற மாதிரியே உலோகத்தையும் உறிஞ்சும். ஆனா அதே கொணத்தை வேற மாதிரி பயன்படுத்தலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2007ல வெளியிட்ட ஆய்வுல சுவேடாவையும் செசுவியத்தையும் உப்பு மண்ணுல நட்டுப் பாத்து, நாலு மாசத்துல ஒரு ஹெக்டேருக்கு 504 கிலோவும் 474 கிலோவும் உப்பை மண்ணுல இருந்து எடுக்கும்னு கணக்கு சொன்னாங்க, சுவேடா நட்ட மண்ணோட ஈசி 4.9ல இருந்து 1.4க்கு எறங்குச்சு.

அதைப் படிச்சுட்டுத்தான் அப்புச்சி தோட்டத்து வரப்போரம் பத்துக்குப் பத்து அடில செசுவியம் வெச்சிருக்கேன். நாலு மாசத்துக்கு ஒருக்கா வேரோட அறுத்து வெளிய எடுக்கறோம், அங்கயே மக்க விட்டா எடுத்த உப்பு திரும்ப மண்ணுக்கே போயிரும். அறுக்கறப்பெல்லாம் ஒரு கையளவு மண்ணை எடுத்து ரெண்டு பங்கு தண்ணில கலக்கி மீட்டர் வெச்சுப் பாத்து, அப்புச்சியோட பால் கணக்கு நோட்டுலயே கடைசிப் பக்கத்துல எழுதி வெக்கறேன்.